வானொலிக் கச்சேரியைப் பதிந்தால் குக்கர் விசில் பதிகிறதே, ஏன்?

கேள்வி கொஞ்சம் நீளம். சாரத்தை மட்டும் சொல்லிவிட்டுப் பதிலுக்குப் போகிறேன். கேட்டவர் பணி ஓய்வு பெற்றவர். வீட்டில் ஒரு விண்டோஸ் மடிக்கணினி இருக்கிறது. ஆகாசவாணியின் கர்நாடக இசை நிகழ்ச்சிகளை இணையத்தில் நேரலையாகக் கேட்கிறார், ஆடாசிட்டி என்ற இலவச ஒலிப்பதிவு நிரலில் பதிந்து வைக்கப் பார்க்கிறார். முதல் முயற்சியில் கச்சேரி தெருக்கோடியில் நடப்பது போலக் கேட்கிறது, தம்பூராவைக் காணவே காணோம், ஆனால் சொந்த வீட்டுக் குக்கர் விசில் மட்டும் கணீரென்று பதிந்திருக்கிறது. 'ஸ்டீரியோ மிக்ஸ்' போடுங்கள் என்று யாரோ சொல்ல, தேடினால் அப்படி ஒன்றே அவர் கணினியில் இல்லை. பிறகு மகன் ஏதோ 'மெய்நிகர் கேபிள்' (ஒரு நிரலின் ஒலியைக் கணினிக்குள்ளேயே இன்னொரு நிரலுக்குக் கொண்டுபோகும் மென்பொருள்) ஒன்றை நிறுவிக் கொடுத்திருக்கிறார். இப்போது பாட்டு சுத்தமாக வருகிறது, ஆனால் சுருதி இறங்கி, பாடகி தூக்கக் கலக்கத்தில் பாடுவது போல் இழுக்கிறது. இன்னொரு நாள் இன்னொரு முறையில் பதிந்தபோது, ஒரு மணி நேர நிகழ்ச்சி ஐம்பத்து மூன்று நிமிடத்தில் முடிந்துவிட்டது. ஏற்கெனவே பதிந்தவற்றை என்ன செய்வது என்றும் கேட்கிறார்.

ஐயா, முதலில் ஒரு ஆறுதல்: உங்கள் கணினி பழுதில்லை. நீங்கள் சொன்ன நான்கு கோளாறும் நான்கு தனித்தனிக் காரணங்களால் வருபவை. நான்கையும் நான் பட்டிருக்கிறேன்.

குக்கர் விசிலில் இருந்து தொடங்குவோம், ஏனென்றால் முழு விஷயமும் அதில்தான் இருக்கிறது. எண்பதுகளில் எங்கள் வீட்டில் ரேடியோ தனி, டேப் ரிக்கார்டர் தனி. ரேடியோவில் நல்ல பாட்டு வந்தால் அதன் முன்னால் டேப் ரிக்கார்டரை வைத்து, சிவப்புப் பொத்தானையும் பிளே பொத்தானையும் சேர்த்து அமுக்கிவிட்டு, வீட்டில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அப்படியும் காக்கா கத்தும், பால்காரர் மணி அடிப்பார். பிறகு பக்கத்து வீட்டில் டூ-இன்-ஒன் வாங்கினார்கள். அதில் ரேடியோவைப் பதியும்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் கேசட்டில் விழாது. ரேடியோவின் ஒலி வெளியே வந்து காற்றில் போய் மைக்கில் நுழையாமல், பெட்டிக்குள்ளேயே கம்பி வழியாகக் கேசட்டுக்குப் போனது. அவ்வளவுதான் வித்தியாசம்.

உங்கள் கணினி இப்போது டேப் ரிக்கார்டரை ரேடியோ முன்னால் வைத்த வேலையைத்தான் செய்கிறது. ஸ்பீக்கரில் வந்த ஒலி காற்றில் போய், திரைக்கு மேலே இருக்கும் ஊசிமுனை அளவு மைக்கில் விழுகிறது. கூடவே மின்விசிறி, சமையலறை, தெரு எல்லாம் விழுகின்றன. ஆடாசிட்டியை நிறுவியதும் பதிவுக் கருவியாக அது எடுத்துக்கொள்வது பெரும்பாலும் இந்த மைக்கைத்தான்.

தம்பூரா காணாமல் போனதற்கும் மைக்தான் காரணம். மடிக்கணினி மைக்குகள் பேச்சுக்காக அமைந்தவை. வீடியோ அழைப்பில் பின்னால் ஓடும் விசிறிச் சத்தத்தை வடிகட்டுவதற்கென்றே அவற்றின் டிரைவரில் (கருவியை இயக்கும் மென்பொருளில்) ஒரு சமாசாரம் வைத்திருப்பார்கள். அதன் கணக்கு எளிது: ஏறி இறங்குவது பேச்சு, ஒரே சீராக ஓடுவது இரைச்சல். தம்பூராவின் வேலையே ஒரே சீராக ஓடுவதுதானே! விசிறியோடு சேர்த்து அதையும் துடைத்துவிடுகிறது. குக்கர் விசிலோ திடீரென்று வருவது, அதனால் அதற்கு ராஜமரியாதை.

இது மைக் பதிவுதானா என்று சந்தேகம் வந்தால் ஐந்து வினாடியில் கண்டுபிடிக்கலாம். பாட்டை ஓடவிட்டு, பதிவையும் தொடங்கிவிட்டு, தேங்காயைத் தட்டிப் பார்ப்பது போல கணினியின் திரை விளிம்பை விரலால் இரண்டு தட்டுத் தட்டுங்கள். அலைவரைபடத்தில் இரண்டு முள் எழுந்தால் மைக்கில்தான் பதிகிறது. ஒன்றும் எழாவிட்டால் உள்ளேயிருந்து பதிகிறது. நான் இன்றைக்கும் ஒவ்வொரு பதிவுக்கு முன்னும் இந்தத் தட்டலைச் செய்கிறேன். காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் இரண்டரை மணி நேரக் கச்சேரி ஒன்றை, வீட்டில் யாருக்கும் தொந்தரவு வேண்டாமென்று ஹெட்போன் மாட்டிக்கொண்டு பதிந்தேன். மறுநாள் போட்டுப் பார்த்தால் இரண்டரை மணி நேரமும் சீலிங் ஃபேன். நாற்பத்தேழாவது நிமிடத்தில் அம்மாவின் குரல்: "டேய், பால் பொங்குது பாரு." கச்சேரியில் ஒரு ஸ்வரம்கூட இல்லை. ஸ்பீக்கரில் ஒலியே வராதபோது மைக் வேறு எதைப் பதியும்?

சரி, உள்ளேயிருந்து பிடிப்பது எப்படி? கணினிக்குள் ஒலி போகும் வழியைத் தெரிந்துகொண்டால் எங்கெங்கே பிடிக்கலாம் என்பது புரிந்துவிடும். இணையத்தில் இருந்து வருவது சுருக்கப்பட்ட தரவு. பிரௌசர் அதை விரித்து ஒலி எண்களாக்குகிறது. விண்டோஸின் கலவைப் பகுதி அந்த எண்களோடு மற்ற நிரல்களின் ஒலிகளையும் (மின்னஞ்சல் வந்த 'டிங்' உட்பட) சேர்க்கிறது. பிறகு ஒலிச் சில்லு அதை மின்சாரமாக மாற்றி ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. கடைசியில் காற்று. நீங்கள் காற்றில் பிடித்தீர்கள். ஒவ்வொரு படி பின்னால் போகப் போகத் தரம் கூடும்.

ஒரு படி பின்னால் போனால், ஹெட்போன் துளையில் இருந்து ஒரு கேபிளை எடுத்து மறுபடி கணினியிலேயே செருகும் பழைய முறை. மேசைக் கணினியில் இது நடக்கும். பின்பக்கம் பச்சைத் துளை ஸ்பீக்கருக்கு, நீலம் லைன்-இன், இளஞ்சிவப்பு மைக். பச்சையில் இருந்து நீலத்துக்குப் போட வேண்டும். பலரும் இளஞ்சிவப்பில் செருகிவிட்டு ஒலி கரகரக்கிறது என்பார்கள். மைக் துளை மிகச் சன்னமான மின்னலைக்கானது, அதில் ஹெட்போன் அளவு ஒலியைக் கொட்டினால் கரகரக்கத்தான் செய்யும். மடிக்கணினியில் பெரும்பாலும் ஒரே ஒரு கூட்டுத் துளைதான், லைன்-இன் கிடையாது. ஆகவே உங்களுக்கு இது வேண்டாம்.

அதற்கும் ஒரு படி பின்னால் இருப்பதுதான் விண்டோஸின் கலவைப் பகுதி. அங்கிருந்து ஒலியை எடுக்க இரண்டு கதவுகள் உண்டு. ஒன்று நீங்கள் தேடிய ஸ்டீரியோ மிக்ஸ். இது ஒலிச் சில்லுக்கான டிரைவரோடு வருவது. இருந்தாலும் மறைத்துவைத்திருப்பார்கள். பழைய 'சவுண்ட்' பெட்டியைத் திறந்து 'ரெக்கார்டிங்' பக்கத்தில் காலி இடத்தில் வலது கிளிக் செய்து, முடக்கிய கருவிகளையும் காட்டு என்பதைத் தேர்ந்தெடுத்தால் சிலருக்கு எட்டிப் பார்க்கும். பல மடிக்கணினிகளின் டிரைவரில் அது அடியோடு இல்லை. அதற்காகக் கண்ட கண்ட தளத்தில் இருந்து டிரைவர் இறக்கி நிறுவாதீர்கள். இருக்கிற ஒலியும் போய்விடும்.

இரண்டாவது கதவு எல்லோர் கணினியிலும் இருக்கிறது. விண்டோஸ் விஸ்டா காலத்தில், அதாவது 2007 வாக்கில், ஒலிக்காக வந்த புதிய ஏற்பாட்டின் பெயர் வாசாபி. அதில் 'லூப்பேக்' என்று ஒரு வசதி உண்டு. ஸ்பீக்கருக்குப் போகும் ஒலியின் நகலை அப்படியே எடுத்துக் கொடுப்பது அதன் வேலை. ஒலி எண்ணாகவே இருக்கும்போது எடுப்பதால் இரைச்சல் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆடாசிட்டியில் 'ஆடியோ செட்டப்' பொத்தானை அமுக்கி, 'ஹோஸ்ட்' என்ற இடத்தில் இருக்கும் 'எம்எம்இ' என்பதை 'விண்டோஸ் வாசாபி' என்று மாற்றுங்கள். பிறகு பதிவுக் கருவிகளின் பட்டியலில் உங்கள் ஸ்பீக்கரின் பெயரே 'லூப்பேக்' என்ற வாலோடு இருக்கும். அதைத் தேர்ந்தெடுங்கள். பதிவுத் தடங்கள் இரண்டு, அதாவது ஸ்டீரியோ, என்று இருக்க வேண்டும். இவ்வளவுதான். மகன் நிறுவிய கேபிள்கூட இதற்குத் தேவையில்லை.

இங்கே பிழைச் செய்தி வந்தால் அதிலுள்ள எண்ணைப் பாருங்கள், பயப்பட வேண்டாம். 9998 என்று முடிந்தால் தடங்களின் எண்ணிக்கை தவறு: ஒன்று என்று இருப்பதை இரண்டாக்குங்கள். 9997 என்றால் மாதிரி வீதம் பொருந்தவில்லை, அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன். 9999 என்பது 'ஏதோ சரியில்லை' என்று கையை விரிப்பது. அப்போது விண்டோஸின் பிரைவசி பகுதியில் மைக் அனுமதி நிறுத்தியிருக்கிறதா என்று பாருங்கள். நாம் மைக்கையே தொடவில்லையே என்று தோன்றும், ஆனால் பதிவுக் கருவிகள் பலவற்றுக்கும் அந்த ஒரே அனுமதிதான் வாசல். அதுவும் இல்லையென்றால் வேறு ஏதாவது நிரல் ஒலிக் கருவியைத் தனக்கென்று பிடித்துவைத்திருக்கும். அதை மூடிவிட்டு மறுபடி முயலுங்கள்.

ஆடாசிட்டியிலேயே இன்னொரு சில்லறைத் தொல்லை: பதியும்போதே ஒலியைத் திருப்பிக் கேட்க வைக்கும் ஒரு வசதி இருக்கிறது. பழைய பதிப்புகளில் 'சாஃப்ட்வேர் பிளேத்ரூ' என்று பெயர். லூப்பேக்கோடு அது சேர்ந்தால், பதிந்தது ஸ்பீக்கருக்குப் போய், அது மறுபடி பதிவுக்கு வந்து, கிணற்றுக்குள் கத்தினது போல எதிரொலி அடுக்கடுக்காக ஏறும். அதை அணைத்து வையுங்கள்.

இப்போது ஐம்பத்து மூன்று நிமிட விவகாரம். அநேகமாக அன்றைக்கு நீங்கள் இந்த லூப்பேக்கையே பிடித்திருப்பீர்கள். அதற்கு ஒரு வினோதக் குணம் உண்டு. ஸ்பீக்கருக்கு ஒலி போனால்தான் நகல் வரும். எதுவுமே ஓடவில்லையென்றால் அது மௌனத்தைக்கூட அனுப்பாது, பேசாமல் இருந்துவிடும். ஆடாசிட்டியின் கோடும் அப்படியே நின்று காத்திருக்கும். இணையம் தடுக்கி ஸ்ட்ரீம் (இணையத்தில் வரும் நேரலை ஓட்டம்) இருபது வினாடி நின்றால், பதிவில் இருபது வினாடி வெற்றிடம் விழுவதற்குப் பதில் அந்த இருபது வினாடியே இல்லாமல் போய், முன்னும் பின்னும் ஒட்டிக்கொள்ளும். ஆலாபனையில் ஒரு சஞ்சாரம் பாதியில் வேறொன்றாகத் தாவுவது இதனால்தான். ஒரு மணி நேரத்தில் ஏழு நிமிடம் காணோம் என்றால் உங்கள் இணைய இணைப்பு அன்றைக்கு நிறையவே தடுக்கியிருக்கிறது. வைஃபையை விட்டுவிட்டு ரூட்டரில் இருந்து ஒரு லேன் கேபிள் போட்டுப் பாருங்கள், பாதித் தொல்லை அங்கேயே தீரும். போன பகுதி திரும்ப வராது என்றாலும், எங்கே போனது என்று தெரிய வேண்டுமானால் ஒரு தந்திரம்: ஒலியே இல்லாத ஒரு வெற்றுக் கோப்பை வேறொரு பிளேயரில் சுழலவிட்டு வையுங்கள். எப்போதும் ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருப்பதால் லூப்பேக் தூங்காது, நேரக் கணக்கும் தவறாது.

சுருதி இறங்கியதுதான் எனக்குப் பிடித்த கேள்வி. ஒலியை எண்ணாக மாற்றும்போது ஒரு வினாடிக்கு எத்தனை முறை அளந்து எழுதுகிறோம் என்பதே மாதிரி வீதம். இசைக் குறுந்தகடுகளின் (சிடி) வழக்கம் 44,100. வீடியோ உலகத்தின் வழக்கம் 48,000. விண்டோஸ் கணினிகள் பலவும் 48,000-இல் ஓடுகின்றன. உங்கள் மெய்நிகர் கேபிள் வினாடிக்கு 48,000 எண்களைக் கொடுத்திருக்கிறது. பதிந்த நிரல் அது 44,100 என்று நினைத்து எழுதிக்கொண்டது. ஒரு வினாடியில் முடிய வேண்டிய எண்கள் முடிய இப்போது ஒரு வினாடிக்கு மேல் ஆகிறது. பாட்டு இழுக்கிறது, சுருதியும் கூடவே இறங்குகிறது. எவ்வளவு இறங்கும் என்றால், ஏறக்குறைய ஒன்றரை அரைச்சுரம் (ஹார்மோனியத்தில் ஒரு கட்டைக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம் ஒரு அரைச்சுரம்). 5 கட்டையில் பாடுகிறவர், அதாவது ஹார்மோனியத்தில் 'ஜி', 4-க்கும் 4½-க்கும் நடுவில் எந்தக் கட்டையிலும் சேராமல் தொங்குவார். சங்கீதம் தெரிந்தவர்கள் உடனே முகம் சுளிப்பது அதனால்தான். தெரியாதவர்கள் கடிகாரத்தைப் பார்த்தால் போதும்: அறுபது நிமிட நிகழ்ச்சி அறுபத்தைந்து நிமிடம் சொச்சம் ஓடும்.

நேரம் நீண்டிருந்தால் மாதிரி வீதக் கோளாறு, குறைந்திருந்தால் பெரும்பாலும் இணையத் தடுக்கல். உங்கள் இரண்டு பதிவையும் கேட்காமலேயே என்னால் பதில் எழுத முடிந்தது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

வராமல் தடுக்க, எல்லா இடத்திலும் ஒரே எண் இருக்க வேண்டும். 'சவுண்ட்' பெட்டியில் ஸ்பீக்கரின் 'பிராப்பர்ட்டீஸ்', அதில் 'அட்வான்ஸ்டு' பக்கம் போய் என்ன எண் என்று பாருங்கள். மெய்நிகர் கேபிள் வைத்திருந்தால் அதன் இரு முனைகளும் இரண்டு கருவிகளாகத் தெரியும், இரண்டிலும் அதே எண். ஆடாசிட்டியின் திட்ட வீதமும் அதே எண். 48,000 வைத்துக்கொள்ளுங்கள், போதும். 96,000, 192,000 என்றெல்லாம் ஏற்றினால் தரம் கூடும் என்று நினைக்க வேண்டாம். சுருக்கி அனுப்பிய வானொலி ஒலியில் இல்லாத நுணுக்கத்தை வீதத்தை ஏற்றி வரவழைக்க முடியாது. இட்லி மாவில் தண்ணீர் சேர்ப்பதால் இட்லி அதிகமாகிவிடாது.

மெய்நிகர் கேபிளை வேண்டாம் என்று சொன்னேனே தவிர, அது வீண் இல்லை. அதன் உண்மையான பயன் வேறு. லூப்பேக் கலவைப் பகுதியில் இருந்து எடுப்பதால், கலவையில் விழுந்த எல்லாமே பதியும். கச்சேரி நடுவில் வாட்ஸப் 'டொய்ங்' என்றால் அதுவும் தனி ஆவர்த்தனத்தோடு சேர்ந்துவிடும். விண்டோஸின் 'வால்யூம் மிக்சர்' பகுதியில் பிரௌசரின் ஒலியை மட்டும் அந்தக் கேபிளுக்குத் திருப்பிவிட்டு, கேபிளின் மறுமுனையைப் பதிந்தால் வேறு எந்தச் சத்தமும் உள்ளே வராது. ஓபிஎஸ் என்ற இலவச நிரலில் ஒரு செயலியின் ஒலியை மட்டும் பிடிக்கும் வசதி உள்ளேயே இருக்கிறது. இதெல்லாம் வேண்டாம் என்றால் அறிவிப்புகளை அணைத்துவிட்டு உட்காருங்கள். அதோடு ஒரு வேலை: 'சவுண்ட்' பெட்டியில் 'கம்யூனிகேஷன்ஸ்' பக்கத்தில், அழைப்பு வந்தால் மற்ற ஒலிகளை 80 சதவீதம் குறை என்ற தேர்வு தானாகவே இருக்கும். அதை 'ஒன்றும் செய்யாதே' என்று மாற்றுங்கள். இல்லாவிட்டால் பேரப்பிள்ளை வீடியோ அழைப்பில் வந்த நேரம் மட்டும் பாடகர் ரகசியம் பேசுவது போலப் பதியும்.

புளூடூத் ஹெட்போன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனி வம்பு. அந்த ஹெட்போனின் மைக்கை ஏதாவது நிரல் திறந்தால், ஹெட்போன் உடனே பாட்டு முறையை விட்டு டெலிபோன் முறைக்கு மாறிவிடும். ஸ்டீரியோ போய்விடும், ஒலி தகர டப்பாவில் இருந்து வருவது போல் ஆகும். ஆடாசிட்டியைத் திறந்து பதிவைத் தொட்டதும் பாட்டின் தரம் சட்டென்று விழுந்தால் இதுதான் காரணம். பதியும்போது புளூடூத்தைத் துண்டித்துவிடுவது நல்லது. இன்னொன்று: லூப்பேக் ஒரு குறிப்பிட்ட கருவியோடு கட்டுப்பட்டது. ஸ்பீக்கரின் லூப்பேக்கில் பதிந்துகொண்டிருக்கும்போது யூ.எஸ்.பி. ஹெட்போனைச் செருகினால் ஒலி அங்கே ஓடிவிடும், பதிவில் நேர்கோடுதான். செருக வேண்டியதை முதலிலேயே செருகிவிட்டு, பிறகு ஆடாசிட்டியைத் திறங்கள். அது திறக்கும்போதுதான் கருவிகளைக் கணக்கெடுக்கிறது.

ஒலி அளவைப் பற்றி அதிகம் கவலை வேண்டாம். மீட்டரின் உச்சம் மைனஸ் 6 டெசிபெல் பக்கத்தில் நின்றால் சரி. பூஜ்யத்தை முட்டினால் அந்த இடம் நசுங்கிப் போகும், அதைப் பிறகு சரிசெய்ய முடியாது. சன்னமாகப் பதிந்ததை ஏற்றிக்கொள்ளலாம். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கம் ஏறும் என்பதை மனதில் வைத்து, வர்ணத்தின் போதே மீட்டரை முழுதாக நிரப்பிவிடாதீர்கள்.

இடமும் பார்த்துக்கொள்ளுங்கள். 44,100 வீதத்தில் 16 பிட் (ஒவ்வொரு எண்ணுக்கும் ஒதுக்கும் இடம்) ஸ்டீரியோ ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 635 எம்பி. ஆடாசிட்டி வழக்கமாக 32 பிட்டில் பதியும், அது இரட்டிப்பு. ஆக மூன்று மணி நேரக் கச்சேரிக்கு நான்கு ஜிபி வரை போகும். சுருக்காத ஒலியை வைக்கும் வேவ் கோப்புக்கு 4 ஜிபி என்ற பழைய எல்லையும் உண்டு, 32 பிட்டில் மூன்று மணி இருபது நிமிடத்தில் அதைத் தொட்டுவிடுவீர்கள். வெளியே எடுக்கும்போது 16 பிட் என்று வையுங்கள். பதியும் கோப்பைப் பென் டிரைவிலோ, தானாக மேகத்துக்கு ஏற்றும் ஃபோல்டரிலோ வைக்காதீர்கள். எழுதும் வேகம் தடுமாறி, நடுநடுவே 'டிக்' 'டிக்' என்று கேட்கும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, நான் வீட்டில் வானொலிக்கு என்ன செய்கிறேன் என்று கேட்டால், ஒலியைப் பதிவதே இல்லை! வழியில் இன்னும் ஒரு படி பின்னால் போய், இணையத்தில் இருந்து வரும் தரவையே நேராகக் கோப்பில் பிடித்துக்கொள்கிறேன். விரிப்பது, கலப்பது, மறுபடி சுருக்குவது எதுவும் இல்லை. நிலையம் அனுப்பியது எதுவோ அது அப்படியே வட்டில். ஸ்பீக்கரை அணைத்து வைக்கலாம், வாட்ஸப் எவ்வளவு வேண்டுமானாலும் கத்தலாம். 128 கேபிபிஎஸ் (வினாடிக்கு 128 கிலோபிட்) ஸ்ட்ரீம் ஒரு மணி நேரத்துக்கு 58 எம்பிக்குள் அடங்கிவிடும்.

வி.எல்.சி. பிளேயரில் இது எளிது. 'மீடியா' பட்டியலில் நெட்வொர்க் ஸ்ட்ரீமைத் திறக்கும் இடத்தில் ஸ்ட்ரீமின் முகவரியை ஒட்டினால் பாட ஆரம்பிக்கும். 'வியூ' பட்டியலில் 'அட்வான்ஸ்டு கன்ட்ரோல்ஸ்' என்பதை இயக்கினால் ஒரு சிவப்புப் பொத்தான் முளைக்கும். அதை அமுக்கினால் தொடக்கம், மறுபடி அமுக்கினால் முடிவு. கோப்பு 'மியூசிக்' அல்லது 'வீடியோஸ்' ஃபோல்டரில் விழும். முகவரியைக் கண்டுபிடிப்பதில்தான் கொஞ்சம் துப்பறியும் வேலை. சில நிலையங்கள் எம்3யூ அல்லது பிஎல்எஸ் என்று முடியும் சின்னக் கோப்பைக் கொடுக்கும். அதை நோட்பேடில் திறந்தால் உள்ளே முகவரி வெறும் எழுத்தாகவே இருக்கும். மற்றவற்றில் பிரௌசரில் எஃப்12 அமுக்கி, 'நெட்வொர்க்' பகுதியைத் திறந்துவைத்துப் பாட்டை ஓடவிட்டால், எம்3யூ8 என்று முடியும் வரி ஒன்று வரும். அதுதான். 2016-இல் சாஸ்திரிய சங்கீதத்துக்கென்றே ஆகாசவாணி தொடங்கிய 'ராகம்' அலைவரிசையையும் மற்ற நிலையங்களையும் பிரசார் பாரதியின் 'நியூஸ் ஆன் ஏர்' செயலியிலும் கேட்கலாம். கணினியில் பழகிவிட்டால் கைப்பேசியில் எதற்கு என்று ஆகிவிடும்.

இது பூட்டில்லாத வானொலி ஸ்ட்ரீமுக்கு. காசு கட்டிக் கேட்கும் இசைச் சேவைகள் தரவைப் பூட்டித்தான் அனுப்புகின்றன, அந்தப் பூட்டை உடைக்கும் வழியை நான் சொல்லப் போவதில்லை. வானொலியில் வந்ததைச் சொந்தமாகக் கேட்கவும் ஆராயவும் வைத்துக்கொள்ள, 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு நியாயமான அளவில் இடம் தருகிறது. அதை யூடியூபில் ஏற்றுவது வேறு கதை.

வீட்டில் இருக்க முடியாத நேரத்து நிகழ்ச்சிக்கு ஆடாசிட்டியில் 'டைமர் ரெக்கார்ட்' இருக்கிறது. ஸ்ட்ரீம் நேரடி ஒலிபரப்பை விட அரை நிமிடமோ ஒரு நிமிடமோ பின்தங்கி வரும், ஆகவே முன்னும் பின்னும் ஐந்து நிமிடம் கூடுதலாக வையுங்கள். கணினி தூங்காமல் இருக்கச் செய்யுங்கள், மூடியை மூடினாலும் ஓடும்படி பவர் அமைப்பில் மாற்றுங்கள். கரண்ட் போனால் மடிக்கணினி பேட்டரியில் ஓடும், ரூட்டர் ஓடாது. இதை எல்லோரும் மறப்பார்கள். ரூட்டருக்கென்று சின்ன யூபிஎஸ் கிடைக்கிறது, எங்கள் ஊர் மின்வெட்டுக்கு அது அவசியம்.

மேக், லினக்ஸ் வைத்திருக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. லினக்ஸில் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் 'மானிட்டர்' என்று ஒரு நகல் மூலம் இயல்பாகவே உண்டு. பதிவைத் தொடங்கிவிட்டு பாவுகன்ட்ரோல் நிரலில் அதைத் தேர்ந்தெடுத்தால் தீர்ந்தது. மேக்கில் ஆடாசிட்டிக்கு அப்படி ஒரு நகல் கிடைக்காது. பிளாக்ஹோல் என்ற இலவசக் கேபிளை நிறுவி, 'ஆடியோ மிடி செட்டப்' பகுதியில் ஸ்பீக்கரையும் அதையும் சேர்த்து ஒரு கூட்டு வெளியீடு உண்டாக்க வேண்டும். அங்கேயும் மாதிரி வீதம் பொருந்தாவிட்டால் உங்கள் பாடகிக்கு நேர்ந்ததுதான் நேரும்.

கடைசியாக, ஏற்கெனவே பதிந்தவற்றை என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். மைக்கில் பதிந்ததைக் காப்பாற்ற முடியாது. ஆடாசிட்டியின் 'நாய்ஸ் ரிடக்‌ஷன்' விசிறிச் சத்தத்தைக் குறைக்கும், மிச்சமிருக்கும் தம்பூராவையும் கூடவே தின்றுவிடும். ஐம்பத்து மூன்று நிமிடப் பதிவில் போனது போனதுதான். சுருதி இறங்கியதை மட்டும் முழுதாக மீட்கலாம், ஏனென்றால் அதில் ஒரு எண்கூடத் தொலையவில்லை, தவறான வேகத்தில் வாசிக்கப்படுகிறது, அவ்வளவே. கோப்பை ஆடாசிட்டியில் திறந்து, தடத்தின் பெயரைக் கிளிக் செய்தால் வரும் பட்டியலில் 'ரேட்' என்ற இடத்தில் 44,100 என்றிருப்பதை 48,000 ஆக்குங்கள். அறுபத்தைந்து நிமிடம் அறுபதாகச் சுருங்கும். சுருதிப் பெட்டியைப் பாடகியின் வழக்கமான கட்டையில் வைத்துப் பக்கத்தில் ஓடவிட்டுப் பாருங்கள். பாடகி அதோடு சேர்ந்துவிட்டால் அப்படியே சேமித்துவிடலாம்.